358-இல் 222 போனால் மீதி எங்கே? ஒரு கடற்கரை ஊரில் விடுபட்டவர்களைத் தேடும் முறை

கேள்வி சுருக்கமாக இது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலக் கடற்கரையில் ஒரு சின்ன ஊர். ஊர் அருங்காட்சியகத்தில் திமிங்கல வேட்டைக் கப்பல் தலைவர்களின் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. பூர்வகுடிகளைப் பற்றி ஒரே ஒரு வரி: "கடைசி இந்தியர் இன்ன ஆண்டில் இறந்தார்." கறுப்பின மக்களைப் பற்றி அதுகூட இல்லை. உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தில் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கும் ஒருவர், விடுபட்டவர்களை எந்த ஆவணத்திலிருந்து தேடத் தொடங்குவது, எங்கே சறுக்கும் என்று கேட்கிறார்.

மாதிரிக்கு நான்டக்கெட் தீவை எடுத்துக்கொள்கிறேன். கேப் காட் தீபகற்பத்துக்குத் தெற்கே சுமார் 48 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் கிடக்கும் தீவு. திமிங்கல எண்ணெய் வணிகத்தில் ஒரு காலத்தில் உலகத்துக்கே பெயர் தெரிந்த ஊர். ஆவணங்கள் ஓரளவு தப்பியிருப்பதால் அங்கே வைத்து முறையைக் காட்டுவது சுலபம். பெயர்களை மாற்றிக்கொண்டால் அந்தக் கரையின் மற்ற ஊர்களுக்கும் இதே வழிதான்.

முதலில் ஒரு கழித்தல் கணக்கு. 1763 ஆகஸ்டில் தீவின் பூர்வகுடிகளான வாம்பனோக் மக்களிடையே ஒரு கொள்ளைக் காய்ச்சல் பரவி, 1764 பிப்ரவரியில்தான் அடங்கியது. அப்போது தீவில் இருந்த வாம்பனோக் மக்கள் 358 பேர். இறந்தவர்கள் 222 பேர். ஊர் வரலாறுகள் இந்த 222-ஐச் சொல்லி, "இத்தோடு அந்த மக்கள் அழிந்தார்கள்" என்று அத்தியாயத்தை மூடிவிடும். மீதி 136 பேர் என்ன ஆனார்கள் என்று கேட்பதுதான் உங்கள் வேலையின் தொடக்கம்.

அதற்கு ஒரு விடை தயாராகவே இருக்கிறது. ஸக்கேயஸ் மேஸி என்ற நான்டக்கெட்காரர் 1792-இல் எழுதிய கடிதம் அந்த 136 பேரைப் பிரித்துக் காட்டுகிறது. நோய் கண்டு பிழைத்தவர்கள் 34. நோயாளிகளோடு இருந்தும் நோய் தொற்றாதவர்கள் 36. தீவின் மேற்கு முனையில் ஒதுங்கியிருந்தவர்கள் 8. கடலுக்குப் போயிருந்தவர்கள் 18. ஆங்கிலேயர் வீடுகளில் இருந்தவர்கள் 40. கூட்டிப் பாருங்கள், கணக்கு இடிக்காது. இந்த ஐந்து எண்களையும் சோகக் கதையாகப் படிக்காமல் ஆவணங்களுக்கான வழிகாட்டியாகப் படியுங்கள். வீடுகளில் இருந்த 40 பேரின் தடம் வீட்டுக்காரர்களின் காகிதங்களில் இருக்கும். கடலில் இருந்த 18 பேரின் தடம் கப்பல் கணக்குகளில். மற்றவர்களின் தடம் நிலப் பத்திரங்களிலும் மனுக்களிலும்.

வீட்டுக்காரர்களின் காகிதம் என்றால் முதலில் புரோபேட் கோப்புகள், அதாவது இறந்தவரின் உயிலும் சொத்துப் பட்டியலும் அடங்கிய நீதிமன்றக் கோப்புகள். ஒருவர் இறந்ததும் மூன்று பேர் அவர் வீட்டில் அறை அறையாக நடந்து, இருக்கிற பொருளையெல்லாம் விலை போட்டு எழுதுவார்கள். உயிலை மட்டும் படித்துவிட்டு நகராதீர்கள். உயிலில் மனிதர்கள் விட்டுப்போவார்கள், சொத்துப் பட்டியலில் விட்டுப்போக மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு விலை இருந்தது. படுக்கை, செம்புப் பாத்திரம், பசு என்று போகும் வரிசையின் நடுவே பெயரோடோ பெயரில்லாமலோ ஒரு "நீக்ரோ" வரும். பூர்வகுடிச் சிறுவர்கள் வேறு வடிவத்தில் வருவார்கள்: "ஒரு இந்தியப் பையனின் காலம்" என்று. ஆளைச் சொந்தமாக எழுதவில்லை. இன்னும் எத்தனை ஆண்டு வேலை வாங்கலாமோ அந்தக் காலத்தைச் சொத்தாக எழுதியிருக்கிறார்கள். கடனுக்காகவோ நீதிமன்றத் தண்டனையாகவோ ஒப்பந்தத்தில் கட்டுண்டவர்கள் இவர்கள். "சர்வன்ட்" என்ற சொல்லைப் பார்த்ததும் வேலைக்காரர் என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. 18-ஆம் நூற்றாண்டு நியூ இங்கிலாந்தில் அடிமைக்கும் அதே சொல், ஒப்பந்தக் கூலிக்கும் அதே சொல். கூலி கொடுத்த கணக்கு இருக்கிறதா, முடிவு ஆண்டு இருக்கிறதா, பிள்ளைக்கும் அதே நிலை தொடர்கிறதா என்ற மூன்றையும் பார்த்த பிறகுதான் எது என்று எழுத முடியும்.

விலைகளில் ஒரு பொறி உண்டு. 1750-க்கு முந்தைய மாசசூசெட்ஸ் காகிதப் பணம் "ஓல்டு டெனர்" எனப்படும், மதிப்பு வீழ்ந்த பணம். 1750-இல் அதை மாற்றியபோது ஏழரைக்கு ஒன்று என்று மாற்றினார்கள். 1749-இல் 300 பவுண்ட் என்று எழுதப்பட்ட ஒருவரின் "விலை" மறு ஆண்டின் சட்டப் பணத்தில் 40 பவுண்ட். இதைக் கவனிக்காமல் இரண்டு பட்டியலை ஒப்பிட்டு "ஒரே ஆண்டில் விலை சரிந்தது" என்று கட்டுரை எழுதுபவர்கள் இருக்கிறார்கள்.

தேதியில் இதைவிடப் பெரிய பொறி. 1752 வரை ஆங்கிலேயருக்கு ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். நான்டக்கெட் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் ஊர்; அவர்கள் மாதப் பெயர்களைச் சொல்லாமல் எண்ணால் எழுதுவார்கள். 1752-க்கு முன் "முதல் மாதம்" என்றால் மார்ச், "ஏழாம் மாதம்" என்றால் செப்டம்பர். 1752-க்குப் பின் முதல் மாதம் ஜனவரி, ஏழாம் மாதம் ஜூலை. கணினியில் ஏற்றும்போது யாராவது "7" என்பதை ஜூலை ஆக்கிவிட்டால், குழந்தை பிறந்த பிறகு தாய்க்குத் திருமணம் நடந்ததாக வரும். பிறகு அதற்கு ஒரு கதையும் கட்டுவார்கள். நீங்கள் பதியும் அட்டவணையில் தேதிக்கு இரண்டு கட்டம் வையுங்கள்: ஒன்றில் ஆவணத்தில் உள்ளபடி, மற்றதில் மாற்றிய தேதி. முதல் கட்டத்தில் ஒருபோதும் கைவைக்கக் கூடாது.

கடலில் இருந்த 18 பேருக்கு வருவோம். நான்டக்கெட்டில் தொடக்கக் காலத் திமிங்கலப் படகுகளில் துடுப்புப் போட்டவர்களில் பெரும்பகுதி வாம்பனோக் ஆண்கள். கடைக்காரரிடம் துணியும் சாராயமும் கடனுக்கு வாங்கி, திமிங்கலப் பங்கிலிருந்து கழித்துக்கொள்வார்கள். கழிந்த பிறகும் கடன் நிற்கும். அடுத்த பருவமும் அதே கடைக்காரரின் படகு. இந்தச் சுழல் முழுவதும் பேரேடுகளில் இருக்கிறது. ஸ்டார்பக் குடும்பத்தின் அப்படியொரு பேரேடு தீவில் இன்றும் இருக்கிறது. பூர்வகுடிகளுக்கென்றே தனியாக வைத்த கணக்கு அது. ஊரில் வேறெந்தப் பதிவிலும் இல்லாத பெயர்கள் இதுபோன்ற ஏடுகளில்தான் கிடைக்கும். வணிகக் கணக்கு என்று நூலகத்தில் ஓரமாக அடுக்கி வைத்திருப்பார்கள். வரலாற்றுச் சங்கத்தின் அட்டவணையில் "கணக்கு", "நாளேடு", "கடை" என்ற சொற்களைத்தான் தேட வேண்டும். "இந்தியர்" என்று தேடினால் ஒன்றும் வராது. பற்றுப் பக்கத்தையும் வரவுப் பக்கத்தையும் சேர்த்துப் படமெடுங்கள். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் அவர் குடித்தது தெரியும், உழைத்தது தெரியாது.

1803-க்குப் பிறகு வேலை சற்று எளிது. வெளிநாடு போகும் கப்பல்கள் மாலுமிப் பட்டியலைச் சுங்கத்தில் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பெயர், பிறந்த ஊர், இருக்கும் ஊர், வயது, உயரம், நிறம், தலைமுடி எல்லாம் அதில் உண்டு. அதற்கும் முன்னால், 1796 முதல், மாலுமிகளுக்குக் குடியுரிமைப் பாதுகாப்புச் சான்று கொடுத்தார்கள். நிறம் என்ற கட்டத்தில் எச்சரிக்கையாக இருங்கள். "டார்க்" என்று எழுதியவர்களில் பலர் வெயிலில் கறுத்த வெள்ளையர். "காப்பர்", "யெல்லோ", "இந்தியன்", "பிளாக்" என்ற சொற்களும் நிலையானவை அல்ல. எழுதிய குமாஸ்தாவின் கண் அன்று எப்படிப் பார்த்ததோ அப்படி. ஒரே ஆளை மூன்று பயணத்தில் மூன்று நிறமாக எழுதியிருந்தால் அது மூன்று ஆள் அல்ல. உயரத்தையும் பிறந்த ஊரையும் வைத்துப் பிணையுங்கள், நிறத்தை வைத்துப் பிரிக்காதீர்கள்.

இனி முக்கியமான இடம். பூர்வகுடிகள் காணாமல் போனது பெரும்பாலும் மண்ணில் அல்ல, காகிதத்தில். ஆண்கள் கடலிலும் போர்களிலும் செத்தார்கள். ஊரில் பெண்கள் மிஞ்சினார்கள். துறைமுக ஊர்களில் கறுப்பின மக்களிடையே ஆண்களின் எண்ணிக்கை அதிகம். இரண்டு சமூகத்துக்கும் இடையே திருமணங்கள் நடந்தன. சுதந்திரப் பெண்ணின் வயிற்றில் பிறந்த பிள்ளை அடிமை அல்ல என்பதும் ஒரு காரணம். முதல் தலைமுறைத் தாயை "இந்தியர்" என்று எழுதிய அதே ஊர், மகனை "முலாட்டோ" (கலப்பினத்தவர்) என்று எழுதியது. பேரனை "கலர்டு" என்று. மூன்று தலைமுறையில் ஒரு குடும்பம் இடம் பெயராமலே இனம் மாறிவிட்டது. கூட்டாட்சி மக்கள்தொகைக் கணக்கும் இதற்கு உடந்தை. 1790 முதல் 1840 வரை வீட்டுத் தலைவரின் பெயர் மட்டும்தான். எல்லோரையும் பெயரோடு எழுதிய 1850 கணக்கில் வெள்ளை, கறுப்பு, முலாட்டோ என்ற மூன்றே வகை. "இந்தியர்" என்று எழுத இடமே இல்லை. இடமில்லாத கட்டத்தில் ஆள் இல்லை என்று முடிவு கட்டுவது எப்படி நியாயம்?

பாஸ்டன் குடும்பம் இதற்குக் கச்சிதமான உதாரணம். 1760-இல் வில்லியம் ஸ்வெய்ன் என்ற நான்டக்கெட்காரர் பாஸ்டன், மரியா என்ற அடிமைத் தம்பதியை விடுவித்துப் பத்திரம் எழுதினார். நம்மூரில் விடுதலைப் பத்திரம் என்றால் சொத்தில் உள்ள பங்கை விட்டுக்கொடுப்பது. அங்கே ஆளையே விட்டுக்கொடுப்பது. பத்திரத்தை முதல் பத்தியோடு நிறுத்தினால் "குடும்பம் விடுதலை பெற்றது" என்று எழுதிவிடுவோம். கீழே படித்தால் தெரியும்: பெற்றோரும் கைக்குழந்தையும்தான் அப்போது விடுதலை. மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவரும் 28 வயது முடியும் வரை உழைத்துக் கழிக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளில் ஒருவரான பிரின்ஸ் திமிங்கலக் கப்பலில் போய்த் திரும்பியபோது, அவருடைய பங்குப் பணத்தைக் கப்பல் தலைவர் எஜமானரிடம் கொடுக்காமல் பிரின்ஸ் கையிலேயே கொடுத்தார். எஜமான் குடும்பம் வழக்குப் போட்டது. நடுவர் குழு பிரின்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1770-களின் தொடக்கத்தில், மாசசூசெட்ஸில் அடிமைமுறை சட்டப்படி இருந்தபோதே நடந்தது இது.

மற்றொரு மகன் செனெக்கா நெசவாளர். 1774-இல் ஊரின் தெற்கு விளிம்பில், "நியூ கினி" என்று அழைக்கப்பட்ட பகுதியில் நிலம் வாங்கினார். யார்க் தெருவில் அவருடைய வீடு இன்னும் நிற்கிறது. அவர் மணந்தது தேங்க்ஃபுல் மைக்கா என்ற வாம்பனோக் பெண்ணை. இவர்களின் மகன்தான் அப்சலம் பாஸ்டன், 1785-இல் பிறந்தவர். 1822-இல் "இண்டஸ்ட்ரி" என்ற திமிங்கலக் கப்பலுக்குத் தலைவராக, முழுக்கக் கறுப்பின மாலுமிகளோடு கடலுக்குப் போனார். ஆறு மாதத்தில் 70 பீப்பாய் எண்ணெயோடு திரும்பினார். எண்ணெய் அதிகமில்லை, ஆனால் போன ஆட்கள் அத்தனை பேரும் உயிரோடு திரும்பினார்கள். அந்தத் தொழிலில் அது சின்ன விஷயமல்ல. தீவின் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கும் அவருடைய ஓவியத்தில் வெள்ளைச் சட்டை, காதில் தங்க வளையம், நேருக்கு நேர் பார்க்கும் கண். படத்தைப் பார்ப்பவர்கள் "முதல் கறுப்பினக் கப்பல் தலைவர்களில் ஒருவர்" என்று படித்துவிட்டு நகர்கிறார்கள். தாய் அங்கே காணாமல் போகிறாள்.

இப்போது "கடைசி இந்தியர்" வரியைப் பாருங்கள். நான்டக்கெட்டில் இந்தப் பட்டத்தை ஏப்ரம் குவேரிக்குக் கொடுத்தார்கள், 1854-இல் இறந்தார். பிறகு டோர்கஸ் ஆனரபிளுக்குக் கொடுத்தார்கள், 1855-இல் இறந்தார். அதே 1855-இல், சில மாதம் கழித்து இறந்த அப்சலம் பாஸ்டன், வாம்பனோக் தாயின் மகன். அவருக்குப் பிள்ளைகளும் இருந்தார்கள். "கடைசி" என்ற சொல் அது எழுதப்பட்ட ஆண்டிலேயே பொய்.

இது தீவுக்கு மட்டும் உரிய கதை அல்ல. அதே மாநிலத்தின் வெஸ்ட்போர்ட் ஊரின் புகழ்பெற்ற கப்பல் அதிபர் பால் கஃபியின் தந்தை கோஃபி, மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர். தாய் ரூத் மோசஸ், வாம்பனோக். 1780 வாக்கில் பாலும் சகோதரர் ஜானும் வரி கட்ட மறுத்துப் போராடியபோது, கறுப்பினத்தவராகவும் மனு எழுதினார்கள். தாங்கள் இந்தியர், சட்டப்படி வரிக்கு உட்பட்டவர்கள் அல்லர் என்றும் வாதிட்டார்கள். எந்த வாதம் எந்த அலுவலகத்தில் எடுபடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆவணத்தில் இருக்கும் இனப்பெயர் பெரும்பாலும் யாரோ ஒட்டியது, சில நேரம் அவரே தேவைக்கு எடுத்துக்கொண்டது. அதனால்தான் அட்டவணையில் "இனம்" என்று ஒரு கட்டம் போடாமல் "ஆவணம் பயன்படுத்தும் சொல்" என்று போடச் சொல்கிறேன்.

கஃபி என்ற பெயரையும் சற்று நின்று பாருங்கள். கோஃபி என்றால் ஆக்கான் மொழி பேசும் மக்களிடம் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண். குவாக்கு என்றால் புதன்கிழமை. மாசசூசெட்ஸில் அடிமைமுறையை வீழ்த்திய 1783 வழக்கின் குவாக் வாக்கர் பெயர் அதுதான். குவாஸி ஞாயிற்றுக்கிழமை, ஆவணங்களில் "குவாஷ்" ஆகும். ஒரு ஊர்ப் பதிவில் இப்படிக் கிழமைப் பெயர்கள் தொடர்ந்து வந்தால், அந்தத் தலைமுறை ஆப்பிரிக்காவை நேரில் அறிந்தது அல்லது அறிந்தவர்களால் வளர்க்கப்பட்டது என்று ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். செனெக்கா, கேட்டோ, பாம்பி, சீசர் என்ற ரோமானியப் பெயர்கள் எஜமானர்கள் வேடிக்கையாக வைத்தவை. குடும்பப் பெயர் இன்னும் குழப்பும்: பால் கஃபி, தந்தையின் எஜமானர் பெயரான ஸ்லோகமை உதறிவிட்டுத் தந்தையின் முதற்பெயரைக் குடும்பப் பெயராக்கிக்கொண்டார். பாஸ்டன் குடும்பத்திலும் அதுதான் நடந்தது. எனவே குடும்பப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் ஒரு தலைமுறையிலேயே கயிறு அறுந்துவிடும்.

அட்டவணை பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான தன்னார்வக் குழுக்கள் கவிழ்வது இங்கேதான். ஒரு ஆளுக்கு ஒரு வரிசை என்று தொடங்காதீர்கள். ஒரு குறிப்புக்கு ஒரு வரிசை. ஒரே பேரேட்டில் ஒரு பெயர் பதினான்கு முறை வந்தால் பதினான்கு வரிசை. கட்டங்கள்: தேதி உள்ளபடி, மாற்றிய தேதி, பெயர் உள்ளபடி, சீராக்கிய பெயர், ஆவணம் பயன்படுத்தும் சொல், யாருடைய வீடு அல்லது கப்பல், இடம், ஆவணம், பக்கம், படக் கோப்பின் பெயர், பதிந்தவர். ஆட்களை இணைப்பது தனித் தாளில், பிறகு. தொடக்கத்திலேயே இணைத்துவிட்டால் "பிரின்ஸ்" என்று பெயர் கொண்ட மூன்று பேர் ஒருவராகிவிடுவார்கள். பிறகு பிரிக்கவே முடியாது. இருவர் ஒருவர்தான் என்று சொல்ல, பெயரைத் தவிர இரண்டு பொருத்தங்களாவது வேண்டும்: வீடு, துணைவர், வயது, தொழில், பக்கத்து நிலம், எதுவாவது இரண்டு. கையெழுத்தைக் கணினியால் படிக்க வைக்கும் மென்பொருட்கள் இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் வாம்பனோக் பெயர் வந்தால் அதைப் பழகிய ஆங்கிலச் சொல்லாகத் திருத்திவிடும். பெயர் வரும் வரிகளை மட்டுமாவது கண்ணால் பார்க்க வேண்டும்.

அச்சான ஆவணங்களிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. மாசசூசெட்ஸ் ஊர்களின் 1850 வரையிலான பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் புத்தகமாக வந்திருக்கின்றன, அகரவரிசை. பல ஊர்களின் தொகுதிகளில் கறுப்பினத்தவரையும் பூர்வகுடிகளையும் அகரவரிசையிலிருந்து எடுத்து, கடைசியில் தனித் தலைப்பின் கீழ்க் கொட்டியிருப்பார்கள். "பி" எழுத்தில் தேடிவிட்டு இல்லை என்று போய்விடாதீர்கள். புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்து திறங்கள். அச்சிட்டவர்கள் விட்டுவிட்டதும் உண்டு. மூல ஏட்டையும் ஒருமுறை ஒப்பிடுவது நல்லது.

நிலப் பத்திரங்களில் வாங்கியவர், விற்றவர் என்ற இரண்டு அட்டவணையோடு நிற்காமல் சக்குபந்தியைப் படியுங்கள். நிலமே வாங்காதவர்கள், பத்திரம் பதியாதவர்கள் எல்லோரும் பக்கத்துக்காரர் பத்திரத்தில் எல்லையாக வந்து நிற்பார்கள்: "வடக்கே செனெக்கா பாஸ்டன் நிலம்" என்பதுபோல. நான்டக்கெட்டில் இன்னொரு விசேஷம், மேய்ச்சல் உரிமை. நிலத்தை விற்ற பிறகும் வாம்பனோக் மக்கள் குதிரை மேய்க்கும் உரிமையைத் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள். அந்த உரிமை தனியாகக் கைமாறியது, தனியாகப் பதிவானது. தீவையே 1659-இல் ஒன்பது ஆங்கிலேயர் 30 பவுண்டுக்கும் இரண்டு பீவர் தோல் தொப்பிக்கும் வாங்கினார்கள் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அது ஒரு ஆங்கிலேயரிடமிருந்து இன்னொரு ஆங்கிலேயர் வாங்கியது. வாம்பனோக் தலைவர்களோடு எழுதிய பத்திரங்கள் வேறு. அவற்றின் பெயரில் பல பத்தாண்டுகள் சண்டையும் மனுவும் நடந்தன. தொப்பிக் கதையைப் பலகையில் எழுதுவதற்கு முன் அந்த மனுக்களைப் படியுங்கள். அந்தக் கரையில் வாம்பனோக் மொழியிலேயே எழுதப்பட்ட பத்திரங்களும் உயில்களும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டிலேயே அந்த மக்கள் தங்கள் மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். 1993-இல் தொடங்கிய வாம்பனோக் மொழி மீட்புப் பணிக்கு இந்தப் பழைய காகிதங்கள்தான் அடித்தளமாகின.

மனுக்களைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாக. மனுவில் கையெழுத்து இருக்கும்; கையெழுத்து என்பது பெயர்ப் பட்டியல். யூனிஸ் ராஸ் என்ற கறுப்பினப் பெண் 1840-இல், 17 வயதில், நான்டக்கெட் உயர்நிலைப் பள்ளிக்குத் தகுதி பெற்றும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. 1845-இல் எட்வர்ட் பாம்பி தலைமையில் நூற்றுக்கு மேற்பட்ட கறுப்பின மக்கள் மாநிலச் சட்டமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். யூனிஸ் தனியாகவும் ஒரு மனுக் கொடுத்தார். அதே ஆண்டு, பள்ளியிலிருந்து சட்டவிரோதமாக விலக்கப்பட்ட எந்தப் பிள்ளையும் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம் என்று மாசசூசெட்ஸில் சட்டம் வந்தது. அப்சலம் பாஸ்டன் தன் மகள் ஃபீபி ஆனுக்காக அதைக் கையில் எடுத்தார். 1847-க்குள் பள்ளிகள் எல்லோருக்கும் திறந்தன. அந்த மனுக்கள் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இணையத்தில் படமாகவும் கிடைக்கின்றன. 1850 கணக்கெடுப்புக்கு ஐந்து ஆண்டு முன்பே ஒரு தெருவே தன் பெயரைத் தன் கையால் எழுதி வைத்திருக்கிறது. உங்கள் ஊருக்கும் இப்படி ஒரு மனு இருக்க வாய்ப்புண்டு. ஊரில் தேடாதீர்கள், தலைநகரில் தேடுங்கள். ஊர் தன் கெட்ட பெயரைத் தன் பெட்டியில் வைத்துக்கொள்வதில்லை.

ஊரை விட்டுப் போகச் சொல்லிக் கொடுத்த எச்சரிக்கை அறிவிப்புகள், ஏழைகளைப் பராமரித்த கணக்குகள், 1855, 1865 மாநிலக் கணக்கெடுப்புகள், 1861-இல் ஜான் மில்டன் ஏர்ல் மாநிலத்துக்காகத் தயாரித்த பூர்வகுடிகள் பற்றிய அறிக்கை ஆகியவற்றையும் புரட்டிவிடுங்கள். ஏர்ல் அறிக்கையில் பெயர்ப்பட்டியலே உண்டு. அதில் இல்லாதவர் பூர்வகுடி இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குவேக்கர்கள் நல்லவர்கள் என்ற வசதியான முடிவு இந்த வேலையில் அடிக்கடி குறுக்கே வரும். நான்டக்கெட் குவேக்கர் சபை 1716-லேயே ஆயுள் முழுக்க அடிமையை வைத்திருப்பது உண்மைக்கு ஒவ்வாதது என்று பதிவு செய்தது. அமெரிக்காவிலேயே மிகப் பழைய பதிவுகளில் ஒன்று. பெருமைதான். ஆனால் ஸ்வெய்ன் குடும்பம் மேற்சொன்ன பத்திரத்தை எழுதியது அதற்கு 44 ஆண்டு கழித்து. பிரின்ஸின் கூலியைக் கேட்டு நீதிமன்றம் போனது 50 ஆண்டுக்கு மேல் கழித்து. இரண்டையும் ஒரே பலகையில், ஆண்டோடு எழுதுங்கள்.

கல்லறைக்கு ஆசைப்பட்டு முதலிலேயே ஓடாதீர்கள். குழுக்களுக்கு அதுதான் கவர்ச்சி. சேதமும் அங்கேதான் அதிகம். எழுத்து தெரிய வேண்டும் என்று கல்லில் சவர நுரை, மாவு, சுண்ணக்கட்டி தேய்ப்பது, கம்பித் தூரிகை, பிளீச் எல்லாம் கல்லைத் தின்றுவிடும். ஒரு ஆள் உயரக் கண்ணாடியை வைத்து வெயிலைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் மங்கிய எழுத்தும் நிழல் விழுந்து படமாக வரும். சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்றால் தண்ணீரும் மென்மையான நார்த் தூரிகையும் போதும். கல் இல்லாத இடத்துக்குத் தரை ஊடுருவு ரேடார் கொண்டுவருவார்கள். அது எலும்பைக் காட்டாது. தோண்டி மூடிய மண்ணைக் காட்டும். மணலில் நன்றாக வேலை செய்யும், களிமண்ணிலும் உப்பு ஊறிய மண்ணிலும் அலை உள்ளேயே இறங்காது. 400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவை 25 முதல் 50 செ.மீ. இடைவெளியில் நேர்க்கோடுகளாக இழுக்க வேண்டும்; ஒரு மீட்டர் இடைவெளி விட்டால் குழந்தைகளின் குழிகள் தவறிவிடும். மர வேரும் குழியும் படத்தில் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் வேர் வரைபடம் தனியாக வேண்டும்.

எலும்பு தென்பட்டால் வேலையை அந்த நொடியே நிறுத்த வேண்டும். நான்டக்கெட்டில் மயாகோமெட் பகுதியில் 1980-களில் குடியிருப்புக் கட்டத் தோண்டியபோது 1763 காய்ச்சலில் இறந்தவர்களுடையவை என்று கருதப்படும் புதைகுழிகள் வெளிப்பட்டன. மாசசூசெட்ஸில் 1983 முதல் அடையாளமற்ற புதைகுழிகளுக்குத் தனிச் சட்டம் உண்டு. முதலில் காவல்துறைக்கும் மரண விசாரணை மருத்துவருக்கும் சொல்ல வேண்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்டது என்றால் மாநிலத் தொல்லியலாளருக்குப் போகும். பூர்வகுடியினருடையது என்றால் மாநில இந்திய விவகார ஆணையம் வரும். புதைகுழி இருக்கும் துல்லியமான இடத்தை வரைபடத்தில், இணையத்தில், செய்திமடலில் எங்குமே போடாதீர்கள். உலோகம் தேடும் கருவியோடு இரவில் வருபவர்கள் உங்கள் செய்திமடலைப் படிக்கிறார்கள்.

வாம்பனோக் மக்களிடம் எப்போது போவது என்பதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. எல்லாம் முடித்து, பலகை வாசகம் எழுதி, "ஒப்புதல் கொடுங்கள்" என்று போவதுதான் வழக்கமான தவறு. பேரேட்டைப் படமெடுக்கத் தொடங்கும் முன்பே போங்கள். 1987-இல் கூட்டாட்சி அங்கீகாரம் பெற்ற அக்வின்னா, 2007-இல் பெற்ற மாஷ்பி என்று இரண்டு வாம்பனோக் பழங்குடி அரசுகள் இருக்கின்றன. இரண்டிலும் வரலாற்றுப் பாதுகாப்புக்கென அதிகாரி உண்டு. கடிதம் இரண்டு பத்திக்கு மேல் வேண்டாம்: என்ன ஆவணம், எத்தனை பக்கம், என்ன செய்யப்போகிறீர்கள், அவர்கள் நேரத்துக்கு எவ்வளவு பணம் தருவீர்கள். கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ரேடார்காரருக்குக் கட்டணம் கொடுக்கிறோம், கப்பல் ஓவியத்தைச் சீர்செய்பவருக்குக் கொடுக்கிறோம்; வாம்பனோக் பெரியவர் மட்டும் இலவசமாக வந்து வாழ்த்திப் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இன்று வாழும் வாரிசுகளின் பெயரை அவர்கள் எழுத்தில் சம்மதித்தால் ஒழிய எங்கும் அச்சிடாதீர்கள். குடும்பமரத்தைக் கண்டுபிடித்த உற்சாகத்தில், யாரோ ஒருவரின் பாட்டி சொல்லாமல் விட்டதை ஊருக்கே சொல்லிவிடக் கூடாது.

தமிழில் எழுதப்போகிறீர்கள் என்றால் "செவ்விந்தியர்" என்ற பழைய சொல்லை விட்டுவிடுங்கள். வாம்பனோக் என்று அந்த மக்களின் பெயரையே எழுதுங்கள். ஆவணத்தை மேற்கோளாகக் காட்டும் இடத்தில் மட்டும் அதில் உள்ள சொல் அப்படியே இருக்கட்டும், மேற்கோள் குறிக்குள்.

முதல் வெளியீடாக நூலோ நினைவுத் தூணோ வேண்டாம். அந்த ஒற்றை வரியை மாற்றுங்கள், போதும். நான்டக்கெட்டுக்கு அது இப்படி இருக்கலாம்: "டோர்கஸ் ஆனரபிள் 1855-இல் இறந்தார். அவரைத் தீவின் கடைசி இந்தியர் என்று அக்காலத்தில் சொன்னார்கள். அதே ஆண்டில் இறந்த கப்பல் தலைவர் அப்சலம் பாஸ்டனின் தாய் தேங்க்ஃபுல் மைக்காவும் வாம்பனோக் பெண்தான். வாம்பனோக் மக்கள் இன்று மாஷ்பியிலும் அக்வின்னாவிலும் தங்கள் சொந்த அரசுகளோடு வாழ்கிறார்கள்." நான்கு வாக்கியம். நின்றபடியே படித்துவிடலாம்.

அட்டவணையின் ஒரு பிரதி ஊர்ச் செயலர் அலுவலகத்தில், ஒரு பிரதி வாம்பனோக் அதிகாரியிடம் இருக்கட்டும். சங்கத்தின் கணினி ஒன்றில் மட்டும் வைத்திருந்தால் அடுத்த தலைவர் மாறும்போது கடவுச்சொல்லோடு அதுவும் போய்விடும். பலகையின் அடியில் எழுதிய மாதமும் ஆண்டும், திருத்தம் சொல்ல ஒரு முகவரியும் போடுங்கள். கல்லில் வெட்டாமல் அச்சிட்டு மாட்டுங்கள். முதல் கோடையிலேயே யாராவது வந்து ஒரு பெயரின் எழுத்தையோ ஒரு தேதியையோ திருத்திச் சொல்வார்கள்.